காற்றில் ஆடும் பூவும் அதைத் தாங்கும் கையும்

மேக்ரோ படம் எடுக்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு லென்ஸில் தொடங்கிக் காற்றில் போய் முடியும். ஆடிக் காற்று வேண்டியதில்லை. நம் நெற்றி வியர்வையைக்கூட ஆற்றாத மெல்லிய அசைவு போதும். வேலியோரத்துத் தும்பைப் பூ தலையாட்டிக்கொண்டே இருக்கும். அந்தப் பூவை அதன் அசல் அளவிலேயே சென்சாரில் விழவைத்து எடுக்கிறோம் என்று வையுங்கள். எஃப் 8 துளையில் தெளிவாக விழுகிற ஆழம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். கீழிதழின் விளிம்பில் ஃபோகஸ் வைத்தால் உள்ளே இருக்கும் மகரந்தம் மங்கும். பூ முன்னாலோ பின்னாலோ 2 மில்லிமீட்டர் நகர்ந்தால் இரண்டுமே மங்கும்.

கேமராவை எப்படி அசையாமல் வைத்தார்கள் என்பதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. எதிரே இருக்கும் பூவையும் பூச்சியையும் எப்படி அசையாமல் வைத்தார்கள் என்பதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. எனக்கு அதில்தான் அக்கறை.

தொடக்க காலத்தில், படம் வேண்டுமென்றால் பொருள்தான் கேமராவிடம் வந்தாக வேண்டும். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்து ஜெரிகோ கிராமத்து விவசாயி வில்சன் பென்ட்லி, நுண்ணோக்கியோடு கேமராவை இணைத்து, 1885 ஜனவரி 15 அன்று முதன்முதலாக ஒரு பனிப் படிகத்தைப் படமெடுத்தார். விழுகிற பனியைக் கறுப்புப் பலகையில் ஏந்துவார். நல்ல படிகமாகத் தேர்ந்து, மெல்லிய மரக்குச்சியால் தொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைப்பார். பறவை இறகால் மெல்ல அழுத்திப் படியவைப்பார். மூச்சுக்காற்று பட்டால் உருகிவிடும் என்பதால் மூச்சை அடக்கிக்கொள்வார். இப்படியே நாற்பது வருடத்துக்கு மேல், 5000-க்கும் அதிகமான படிகங்கள். அந்தக் குச்சியும் இறகும்தான் அவருடைய தாங்கு கருவிகள்.

ஜெர்மனியில் கார்ல் பிளாஸ்ஃபெல்ட் செய்ததும் இதே வழிதான். பெர்லினில் கலைப்பள்ளி ஆசிரியர். மாணவர்கள் தாவரங்களின் வடிவங்களைப் பார்த்து அலங்கார வேலை கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகப் படமெடுத்தார். செடியை வெட்டிக்கொண்டு வந்து, வேண்டாத இலைகளைக் கத்தரித்து, வெறும் அட்டையைப் பின்னால் வைத்து, அசையாமல் நிறுத்தி, முப்பது மடங்கு வரை பெரிதாக்கினார். 1928-இல் அந்தப் படங்கள் நூலாக வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. சுருண்ட பெரணித் தளிர் இரும்புக் கிராதி வேலைப்பாடுபோல் நிற்கும் அந்தப் படங்களை இன்று பார்த்தாலும் வியப்பு குறையவில்லை. ஆனால் அவற்றில் மண் இல்லை, பனித்துளி இல்லை, தண்டில் ஏறும் எறும்பு இல்லை. செடி எங்கே, எதன் பக்கத்தில் வளர்ந்தது என்பதை அந்தப் படத்திலிருந்து யாராலும் சொல்ல முடியாது. அசையாமைக்கு அவர் கொடுத்த விலை அது.

பூச்சிகள் கொடுத்த விலை இன்னும் அதிகம். இங்கிலாந்தில் பெர்சி ஸ்மித் 1908-இல் ஓர் ஈயை நகரவிடாமல் நிறுத்தி, அது கால்களால் பொருட்களைச் சுழற்றுவதைப் படமாக்கினார். ஜனங்கள் வாய்பிளந்து பார்த்தார்கள், கூடவே இது கொடுமையில்லையா என்றும் கேட்டார்கள். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் பூச்சிப் படங்களில் பெரும்பகுதி செத்த பூச்சிகளின் படங்கள்தான். மருந்து ஜாடியில் போட்டு, ஊசி குத்தி, கால்களை விரித்து வைத்து எடுத்தவை. கொல்ல மனமில்லாதவர்கள் ஃபிரிட்ஜில் சிறிது நேரம் வைத்து, குளிரில் விறைத்த பூச்சியை இலையில் உட்காரவைத்து, அது தெளிவதற்குள் எடுத்தார்கள். இதை வழிமுறையாகச் சொல்லிக்கொடுத்த காலமும் இருந்தது.

வெளியே போய் எடுக்கலாமே என்றால் ஃபிலிம் அனுமதிக்கவில்லை. லென்ஸ்கள் தயாராகத்தான் இருந்தன. 1955-இல் கில்ஃபிட் மேக்ரோ கிலார் வந்துவிட்டது, அடுத்த வருடமே நிக்கானின் மைக்ரோ நிக்கோர். சிக்கல் வெளிச்சக் கணக்கில் இருந்தது. 1990-இல் ஃபியூஜி வெல்வியா வந்ததும் இயற்கைப் படக்காரர்கள் அதன் நிறங்களில் மயங்கிப்போனார்கள். அதன் வேகம் ஐஎஸ்ஓ 50. நல்ல வெயிலில் எஃப் 16 வைத்தால் 1/50 வினாடி. அசல் அளவு நெருக்கத்துக்குப் போகும்போது இரண்டு ஸ்டாப் வெளிச்சம் குறைந்து 1/12 வினாடி ஆகிவிடும். பூவுக்கு அழகு சேர்ப்பது உச்சி வெயில் இல்லை, விடியல் நிழல்தான் என்பதால் இன்னும் நாலு ஸ்டாப் கழியுங்கள். ஒரு வினாடியைத் தாண்டிவிடுகிறது. ஒரு வினாடிக்கு மேல் ஆடாமல் நிற்கிற பூ எங்கே இருக்கிறது?

காத்திருந்தார்கள். குடையை விரித்துக் காற்றை மறித்தார்கள். செடியைச் சுற்றி அட்டை நட்டார்கள். பக்கத்தில் குச்சி குத்தித் தண்டை நூலால் கட்டினார்கள். பிளாஷ் போட்டவர்களும் உண்டு. பிளாஷ் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்கும் குறைவாக மின்னுவதால் ஆட்டம் உறைந்துவிடும் என்பது உண்மை. ஆனால் பிளாஷால் ஆட்டத்தை உறையவைக்கத்தான் முடியும், ஃபோகஸை விட்டு விலகிய பூவைத் திரும்ப இழுத்து வைக்க முடியாது. பத்துப் படம் எடுத்தால் பத்திலும் கூர்மை இருக்கும், ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடத்தில்! போதாக்குறைக்குப் பின்னணி நள்ளிரவுபோல் கறுத்துவிடும்.

இதற்கு விடை கேமராக் கடையிலிருந்து வரவில்லை, லேத் பட்டறையிலிருந்து வந்தது. அம்பத்தூரிலோ கோவையிலோ பட்டறைக்குள் போயிருப்பவர்கள் பார்த்திருப்பார்கள். லேத்தில் இரும்பைச் சீவும் முனையில் கூலண்ட் ஊற்றுவதற்கு ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கும். சின்னச் சின்னக் கண்ணிகள், ஒன்றின் குண்டு அடுத்ததன் குழிக்குள் இறுகி உட்கார்ந்து, முதுகெலும்புபோல் வளையும். எந்தப் பக்கம் திருப்பினாலும் திரும்பும். கையை எடுத்தால் திருப்பிய இடத்திலேயே நிற்கும். ஸ்பிரிங் கிடையாது, திருகு கிடையாது. குழியின் பிளாஸ்டிக் சற்றே விரிந்து குண்டை நெரிக்கிறதே, அந்த உராய்வுதான் எல்லாம். அமெரிக்காவின் லாக்-லைன் குழாய் இந்த வகையில் பெயர்பெற்றது.

எடை கூடிய டெலி லென்ஸ்களைச் சமன்செய்து தாங்கும் கிம்பல் தலைகளுக்குப் பெயர்போன விம்பர்லி நிறுவனம், இந்த வகைக் கண்ணிக் கையின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு பிடியை மாட்டி பிளாம்ப் என்ற கருவியை விற்றது. ஒரு பிடி டிரைபாட் காலைக் கவ்வும், மறு பிடி செடியின் தண்டைக் கவ்வும். அவ்வளவுதான் கருவி. மேலும் உறுதி வேண்டியவர்கள், பட்டறையில் டயல் கேஜைப் பிடிக்கும் காந்த ஸ்டாண்டின் கையை எடுத்துக்கொண்டார்கள். ஸ்டூடியோக்காரர்களிடம் இத்தாலியின் மான்ஃபுரோட்டோ மேஜிக் ஆர்ம் இருந்தது. இவை இரண்டிலும் நடுவே இருக்கும் ஒரே திருகையோ நெம்புகோலையோ இறுக்கினால் மூன்று மூட்டும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொள்ளும். எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர்க்காரர்கள் சால்டர் வைக்கும்போது போர்டைப் பிடிக்கும் முதலை வாய்க் கிளிப் ஸ்டாண்டும் மேசை வேலைக்கு உதவியது.

பிளாம்ப் வந்ததன் பெரிய விஷயம் உறுதியில் இல்லை. உறுதியில் காந்த ஸ்டாண்டின் கை அதைவிட மேல். செடி வேரோடு நின்ற இடத்திலேயே அசையாமல் நிற்க ஆரம்பித்தது என்பதுதான் பெரிய விஷயம். வெட்ட வேண்டாம், கொண்டுவர வேண்டாம், அட்டை வைக்க வேண்டாம். பின்னணியில் உண்மையான புல்வெளி, உண்மையான விடியல். பிளாஸ்ஃபெல்ட் விட்டுக்கொடுத்ததெல்லாம் படத்துக்குள் திரும்பி வந்தது.

எங்கே பிடிப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. புதிதாக வாங்குகிறவர்கள் தண்டின் அடியில் பிடிப்பார்கள், பிடி படத்தில் தெரியக்கூடாதே என்று. அடியில் பிடித்தால் பிடிக்காததற்குச் சமம். பிடிக்கு மேலே சுதந்திரமாக நிற்கும் தண்டின் நீளம்தான் ஆட்டத்தை முடிவுசெய்கிறது. அந்த நீளத்தைப் பாதியாக்கினால், அதே காற்றுத் தள்ளலுக்கு நுனியின் ஆட்டம் எட்டில் ஒன்றாகிவிடும். ஆட்டம் நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தில் போவதுதான் காரணம். எட்டு சென்டிமீட்டர் விட்டுப் பிடித்ததை நாலு சென்டிமீட்டருக்கு உயர்த்தினாலே வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்கலாம். சட்டத்தின் கீழ் விளிம்புக்கு ஒட்டினாற்போல, வெளியே பிடிப்பதுதான் சரியான இடம்.

இன்னொன்று, கையின் மறு முனையை டிரைபாட் காலில் மாட்டாமல் முடிந்தவரை தனியாக நடுங்கள். டிரைபாடில் மாட்டினால் காற்று செடியைத் தள்ளுவது கை வழியாகக் கேமராவுக்கு வரும். கேமராவைத் தொடும் நடுக்கம் பூவுக்குப் போகும். தரையில் குத்திய ஒரு இரும்புக் கம்பி போதும். வேரில் குத்தாமல் ஒரு சாண் தள்ளிக் குத்த வேண்டும்.

விடியலில் புல்தண்டில் தொங்கும் ஊசித்தும்பியை எடுத்துப் பார்த்தவர்களுக்கு இந்தக் கையின் அருமை தெரியும். உடம்பு முழுக்கப் பனித்துளி. குளிரில் அதனால் பறக்க முடியாது, வெயில் ஏறும்வரை அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும். விறைத்திருக்கிறதே தவிர உறங்கவில்லை. நிழல் பட்டால் தண்டைச் சுற்றி அந்தப் பக்கம் நகர்ந்துகொள்ளும். மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளமுள்ள அந்த உடம்பு தலையிலிருந்து வால் நுனிவரை தெளிய வேண்டுமானால், கேமராவின் சென்சாரும் அதன் உடம்பும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும். புல்லை அப்படி நிறுத்துவது எப்படி? கீழே, தும்பியிலிருந்து தள்ளி, தண்டை மட்டும் பிடித்து, கையைக் கண்ணி கண்ணியாக மெல்லத் திருப்பினால் புல்லும் திரும்பும். அவசரப்பட்டால் பனித்துளி உதிரும். துளி உதிர்ந்த தும்பியில் அந்த விடியல் இருக்காது. அதன் கூட்டுக்கண்ணின் மேல் உட்கார்ந்த துளி ஒவ்வொன்றுக்குள்ளும் பின்னால் இருக்கும் வயல் தலைகீழாகத் தெரியும் தருணத்துக்காகத்தான் நானும் இருட்டோடு எழுந்து போகிறேன்.

இன்றைக்கு வருவோம். இன்று கேமராவில் என்னதான் இல்லை? 2006-இல் நிக்கான் 105 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸில் அதிர்வு தடுப்பு வந்தது. 2009-இல் கேனானின் 100 மில்லிமீட்டர் லென்ஸ், கேமரா சாய்வதை மட்டுமல்லாமல் பக்கவாட்டில் நகர்வதையும் ஈடுசெய்ய ஆரம்பித்தது. ஐஎஸ்ஓ 3200-இல் தயங்காமல் எடுக்கிறோம். 2021-இல் வந்த ஐஃபோன் 13 புரோ 2 சென்டிமீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தது. இத்தனையும் இருக்கும்போது பிளாஸ்டிக் கை எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கணக்குப் போட்டே பதில் சொல்லலாம்.

அதிர்வு தடுப்பு நம் கையின் நடுக்கத்தைத்தான் தடுக்கும். பூவின் ஆட்டம் அதற்குத் தெரியாது. வெல்வியாவில் ஒரு வினாடிக்கு மேல் கேட்ட அதே விடியல் நிழலில் ஐஎஸ்ஓ 3200 வைத்தால் 1/50 வினாடி கிடைக்கிறது. பூ வினாடிக்கு 1 சென்டிமீட்டர் என்ற மந்தமான வேகத்தில் அசைந்தால்கூட, அந்த நேரத்துக்குள் 0.2 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். 36 மில்லிமீட்டர் அகலச் சென்சாரில் 6000 பிக்சல் இருந்தால், அது முப்பது பிக்சலுக்கு மேல் இழுவிய கோடு. மகரந்தத் துகள் துகளாகத் தெரியாது, மாவாகத் தெரியும்.

ஸ்டாக்கிங் வந்தபிறகு கையின் தேவை கூடித்தான் இருக்கிறது. ஒரு பூவின் 10 மில்லிமீட்டர் ஆழத்தையும் தெளிவாக்க, ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பதினைந்து இருபது படம் எடுத்து, ஹெலிகான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டாக்கர் போன்ற மென்பொருளில் ஒன்றாகச் சேர்க்கிறோம். கேமராவுக்குள்ளேயே சேர்த்துத் தருகிற மாடல்களும் வந்துவிட்டன. படம் முழுவதும் ஒருபக்கம் நகர்ந்திருந்தால் மென்பொருள் சரிக்கட்டிவிடும். ஆனால் எட்டாவது படத்துக்கும் ஒன்பதாவது படத்துக்கும் நடுவே ஒரு மகரந்தத் தாள் மட்டும் தனியாக ஆடியிருந்தால் அது இரட்டையாகத் தெரியும். எந்த மென்பொருளும் அதை முழுதாகச் சரிசெய்து நான் பார்த்ததில்லை. ஃபிலிம் காலத்தில் பூ ஒரு வினாடி நின்றால் போதும். இன்று அது பத்துப் பதினைந்து வினாடி நிற்க வேண்டியிருக்கிறது.

அருங்காட்சியகத்தில் இந்த வேலை எங்கே போயிருக்கிறது என்பதற்குப் படக்காரர் லெவன் பிஸ் ஒரு சான்று. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துப் பூச்சி மாதிரிகளை, ஒரு பூச்சிக்கு 8000 படத்துக்கும் மேலாக எடுத்து, சுவரளவு பெரிதாக்கி 2016-இல் காட்சிக்கு வைத்தார். பென்ட்லி, பிளாஸ்ஃபெல்ட் வழியின் உச்சம் அது. அறிவியலுக்காக ஏற்கெனவே சேகரித்துக் காத்துவரும் மாதிரிகள் அவை. அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஒரு படத்துக்காக வேலியோரத்துப் பூச்சியை ஃபிரிட்ஜில் வைப்பது வேறு விஷயம்.

விலை பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் கை வாங்கக் கட்டுப்படியாகாதவர்கள் கவலைப்பட வேண்டாம். லேத் உதிரி பாகங்கள் விற்கும் கடையில் கூலண்ட் பைப் கண்ணிகளாகவே கிடைக்கும். வேண்டிய நீளத்துக்குக் கோத்துக்கொள்ளலாம். நீளம் கூடினால் துவளும், ஆகவே அரை மீட்டருக்குள் நிறுத்துவது நல்லது. பழைய சர்வீஸ் வயருக்குள் இருக்கும் தடித்த அலுமினியக் கம்பியும் வளைத்த இடத்தில் நிற்கும், பலமுறை வளைத்தால் மட்டும் ஒடியும். பிடிக்குத் துணி கிளிப் போதும். அதன் வாயில் சைக்கிள் டியூப் துண்டை ஒட்டிவிட்டால் தண்டு நசுங்காது. அழுகண்ணிபோல் நூலளவே தண்டுள்ள செடியில் கிளிப்பே போடக்கூடாது. கிளிப்பின் நுனியில் பருத்தி நூலால் தளர்ந்த வளையம் ஒன்று போட்டு, தண்டு அதன்மேல் சாய்ந்துகொள்ளும்படி விட்டால் போதும்.

இதையெல்லாம் இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கருவி நல்லதாகிவிட்டது, பழக்கம் எல்லாரிடமும் அப்படி ஆகிவிடவில்லை. தவளை இலையைக் குடையாகப் பிடிப்பதுபோலவும் ஓணான் இசைக்கருவி மீட்டுவதுபோலவும் படங்கள் சமூக ஊடகங்களில் சுற்றுகின்றன. உயிரைக் கம்பியாலும் நூலாலும் கட்டி நிறுத்தி, பிறகு கணினியில் கட்டை அழித்துவிடுகிறார்கள் என்று இப்படிப்பட்ட படங்கள்மீது கடுமையான குற்றச்சாட்டு எழுந்திருக்கிறது. தண்டைப் பிடிக்க வந்த கிளிப் பூச்சியின் காலைப் பிடிக்கவும் செய்யும், அதை யாரும் கருவியிலேயே தடுத்து வைக்க முடியாது. நூறு வருடத்துக்கு முன் ஈயைக் கட்டியவருக்கு வேறு வழி குறைவு. நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

செடியைக் கிள்ளி எடுத்து வசதியான இடத்தில் வைத்துப் படமெடுக்கிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள். நீலக்குறிஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 12 வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தப் புதர் தன் ஆயுளில் ஒரே ஒருமுறை பூத்து, விதை விட்டு, மடிந்துவிடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஒரு கொத்தைக் கிள்ளினால் போவது அன்றைய பூ மட்டும் இல்லை, அந்தச் செடி விட்டுப்போக இருந்த விதையும்தான். 2018-இல் அது பூத்தபோது மலைக்குப் போனவர்கள் கிள்ளிய கொத்துகளோடு இறங்கி வந்ததை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் செடியைப் பறிப்பதும் பூச்சியைப் பிடித்து வருவதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் எட்டாத வேலியோரத்தில் நம் கைதான் காவல்.

அடுத்த குறிஞ்சி 2030-இல் வரும் என்று எதிர்பார்க்கிறார்கள். கேமராவோடு மேலே போகிறவர்கள் அதற்குள் ஒரு கூலண்ட் பைப் கையும் டியூப் ஒட்டிய கிளிப்பும் செய்து பையில் போட்டுக்கொள்ளுங்கள். தண்டை மட்டும் பிடியுங்கள், பூச்சியையும் இதழையும் தொடாதீர்கள். படம் முடிந்ததும் தண்டை ஒரு விரலால் தாங்கிக்கொண்டு கிளிப்பைக் கழற்றுங்கள், சட்டென்று விட்டால் பூ உதிரும். குத்திய கம்பியைப் பிடுங்கி மண்ணை மூடிவிட்டு வாருங்கள்.